குளியலறையில் தொலைந்த இரண்டு மணி நேரம்

உங்கள் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பதினொன்றாவது கேள்வி, டாக்டரம்மா. ‘நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குப் போதுமான தூக்கம் கிடைக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பத்து நாலு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன், யாரும் என் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சந்தோஷமாக ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன். ராத்திரி ஐந்தரை மணி நேரம், காலையில் ஒன்றரை மணி நேரம், ஆக ஏழு. அறுபத்தேழு வயதில் இது குறைச்சலே இல்லை.

கடைசிக் கேள்விக்குத்தான் இடம் போதவில்லை. ‘மறதி எப்போது, எப்படி ஆரம்பித்தது?’ என்று கேட்டுவிட்டு மூன்று கோடு விட்டிருக்கிறீர்கள். மூன்று கோட்டில் அடங்குகிற சமாசாரம் இல்லை இது. அதனால் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரரைச் சோதனைக்கு உள்ளே அழைத்துப் போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது, ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எனக்கு அது தாராளம்.

என் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தது என்று எழுதி வைப்பதுதான் வேலை. முதல் பஸ் ஐந்து பத்துக்கு. அதற்காக முப்பத்தாறு வருஷம் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்தார், நாலு மணிக்குக் குளித்தார். ஒருநாள் கூட அலாரம் வைத்ததில்லை. ஓய்வு பெற்ற மறுநாளும் மூன்றரைக்கு எழுந்து, நாலு மணிக்குக் குளித்துவிட்டு, அனுப்புவதற்கு பஸ் இல்லாமல் நின்றார். அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொள்ள ஆரம்பித்தார். எல்லா விளக்கையும் போடுவார். காப்பிப் பாத்திரத்தை உருட்டுவார். முந்தின நாள் பேப்பரை எனக்கும் உபயோகப்படட்டும் என்று உரக்கப் படிப்பார். நடுவில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

“தூங்கறியா?”

“ஆமா.”

“சரி சரி, தூங்கு.”

பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் வருவார், நான் தூங்கிவிட்டேனா என்று கேட்க.

எனக்கோ நைட் டியூட்டி பார்த்துப் பார்த்துப் பழகிய உடம்பு. பன்னிரண்டு மணிக்கு முன்னால் கண் மூடாது. அவர் எட்டு மணிக்கே தலையணையில் தலை பட்டதும் தூங்கிப்போய்விடுவார். வயதானால் தூக்கம் முன்னால் வந்து முன்னால் போகும் என்பார்கள், அவர் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு. கட்டில் ஒன்று, ஷிப்ட் இரண்டு. நான் வேலையில் இருந்தவரை இது ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் நாங்கள் சந்தித்துக்கொள்வதே அபூர்வம். நானும் ஓய்வு பெற்ற பிறகு ஏழு வருஷம் ராத்திரிக்கு மூன்றரை மணி நேரத் தூக்கம். படுக்கையறை ஒன்றுதான், ஹாலில் படுக்கலாம் என்றால் ஹாலும் சமையலறையும் ஒன்றாகவே இருக்கிறது. ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிப்போனேன். இன்னொரு நாள் பேத்தியின் காலணியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன். அப்போது என்னை யாரும் சோதனைக்கு அழைத்து வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

சத்தம் போடாதீர்கள், எனக்குத் தூக்கம் கெடுகிறது என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாரத்துக்கு நாலு தடவையாவது அவர் எதிரில் கொட்டாவி விட்டேன். நாற்பத்து மூன்று வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின மனுஷனுக்கு ஒரு கொட்டாவியின் அர்த்தம் புரிய வேண்டாமா? வாய்விட்டுச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் போதுமே.

மருந்துக் கடையில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள், முதியோரும் நல்ல தூக்கமும் என்று. வயதானவர்களுக்குத் தூக்கம் குறைவாகப் போதும் என்பது தப்பு, அவர்களுக்கும் ஏழெட்டு மணி நேரம் வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. படுக்கையறை இருட்டாக இருக்க வேண்டும், சாயங்காலத்துக்குப் பிறகு காப்பி கூடாது, மனதைக் கலக்குகிற பேச்சு கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், ஏழாவதாக ஒன்று சொல்லியிருந்தது. ராத்திரியில் விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“கடியாரத்தப் பாக்காதன்னு எழுதினவன் டெப்போவுல ஒருநாள் வேலை பாத்திருப்பானா?” என்றார்.

சரி, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நான் முடிவு செய்தேன்.

இதில் நீங்கள் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கண் விழித்து, “சிஸ்டர், மணி என்ன?” என்று கேட்காத நோயாளி கிடையாது. ஐந்து என்று சொன்னால் எழுந்து உட்கார்ந்துகொண்டு பக்கத்துக் கட்டில்காரரையும் எழுப்புவார். “ரெண்டுதான் ஆகுது, தூங்குங்க” என்றால் குழந்தை மாதிரிப் படுத்துக்கொள்வார். முப்பத்து நாலு வருஷத்தில் குறைந்தது ஆயிரம் பேருக்கு மணியை மாற்றிச் சொல்லியிருப்பேன். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. நல்ல கவனிப்பு என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், ஹாலில் மாட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கடிகாரம் மூன்று. படுக்கையறையில் ஒன்று, ஹாலில் ஒன்று, அவர் கைக்கடிகாரம் ஒன்று. செல்போன் என்னிடம்தான் இருக்கும். அது தன் இஷ்டத்துக்கு மணி காட்டுகிறது, மேற்பார்வை இல்லாத கடிகாரத்தை நம்ப மாட்டேன் என்று அவர் தொடுவதில்லை. போன வருஷக் கடைசியில் ஒருநாள், அவர் தூங்கியதும், மூன்றையும் பின்னால் தள்ளி வைத்தேன். மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றுவதுதான் முறை, அதனால் முதல் வாரம் ராத்திரிக்கு அரை மணி. அடுத்த வாரம் ஒரு மணி. நாலாவது வாரம் இரண்டு மணியில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் வெயில் காட்டிக் கொடுத்துவிடும். நானும் பேராசைக்காரி இல்லை.

பிரமாதமாக வேலை செய்தது. மூன்றரைக்கு அவருக்கு விழிப்பு வரும், டார்ச் அடித்துப் பார்ப்பார், கடிகாரத்தில் ஒன்றரை. “சே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். ஐந்தரைக்குக் கடிகாரத்தில் மூன்றரை ஆனதும் எழுந்து காப்பி போடுவார். எங்கள் வீடு குடியிருப்பின் பின்பக்கம் இருப்பது நல்லதாகப் போயிற்று. முன்பக்கமாக இருந்தால் பஸ் சத்தத்தை வைத்தே மணி சொல்லியிருப்பார். ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை தைத்துப் போட்டேன், குளியலறையின் சின்ன ஜன்னலில் அட்டை ஒட்டினேன். துண்டறிக்கையே இருட்டு வேண்டும் என்றுதானே சொல்கிறது. திரை நன்றாக இருக்கிறது என்று அவரே பாராட்டினார்.

காலையில் கடிகாரங்களைத் திரும்பச் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போனதும் குட்டு உடைந்துவிடும். அதற்குக் குளியல் இருந்தது. கடிகாரத்தில் நாலு அடித்ததும் உள்ளே போவார். கைக்கடிகாரத்தைத் தண்ணீரில் நனைக்க மாட்டார், கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவார். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எழுந்து மூன்று கடிகாரத்தையும் இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளுவேன். அவர் துண்டோடு வெளியே வரும்போது மணி ஆறரைக்குப் பக்கமாக இருக்கும். ஊர் முழுக்க அப்போது ஆறரைக்குப் பக்கம்தான். ஏழு மணிக்கு நடக்கப் போய், அப்படியே இரண்டு தெரு தள்ளி இருக்கும் மகள் வீட்டுக்குப் போய், பேத்தியை நர்சரியில் விட்டுவிட்டு வருவார். அந்த நேரத்தில்தான் நான் சொன்ன அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம்.

அரை மணி மாற்றியபோது தண்ணீர் மெல்ல வருகிறது என்று குழாயைக் குறை சொன்னார். ஒரு மணி ஆனபோது சோப்பை மாற்றினார். இரண்டு மணி ஆன முதல் நாள், ஹாலில் துண்டோடு நின்றபடி கடிகாரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தை எடுத்து வந்து பார்த்தார்.

“நான் நாலு மணிக்குத்தானே உள்ள போனேன்?”

“ஆமா, நாலுக்குத்தான் போனீங்க.”

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த ஒன்பது மாதத்தில் என் வாயால் அவரிடம் நான் ஒரு பொய் கூடச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் கடிகாரம்.

அடுத்த நாள் முதல் உள்ளேயிருந்து எண்ணுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிக்கு ஒன்றாக. தண்ணீர் ஊற்றும்போதும் விடவில்லை. வெளியே வந்து கையை நீட்டி விரல் நுனியைக் காட்டினார்.

“ஆயிரத்து நானூறு எண்ணினேன். இருபத்தி மூணு நிமிஷம். ரெண்டரை மணி நேரம் தண்ணில நின்னா தோல் சுருங்கிப் போயிருக்கணும். சுருங்கல பாரு. மீதி நேரம் நான் எங்க இருந்தேன்?”

இவ்வளவு தூரம் துல்லியமாக வந்துவிட்டாரே, அடுத்த வார்த்தை கடிகாரத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டோம் என்று கொஞ்சம் நிம்மதியாகக் கூட இருந்தது. ஆனால் அவர் டைம் கீப்பர். டெப்போவில் ஒரு சட்டம் உண்டு. மூன்று கடிகாரம் ஒரு மணியும் ஒரு கடிகாரம் வேறு மணியும் காட்டினால், அந்த நாலாவதைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பிவிட வேண்டும். யோசிக்கக் கூடாது.

“மூணு கடியாரமும் ஒண்ணு போலச் சொல்லுது. நான் ஒருத்தன்தான் வேற சொல்றேன்” என்றார். “அப்ப பழுது என்கிட்டதான்.”

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான். உங்களிடம் அவரை நானோ மகளோ அழைத்து வரவில்லை. அவரே தன்னைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவருக்குக் குளியலறை என்றாலே பயம் வந்துவிட்டது. தாழ்ப்பாள் போடுவதை நிறுத்தினார். பிறகு என்னை வாசலில் உட்காரச் சொன்னார். நான் மறுக்கவில்லை. முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் உள்ளே எண்ணிக்கொண்டே நடுநடுவில், “இருக்கியா?” என்பார். “இருக்கேங்க” என்பேன். ஹால் கடிகாரம் அப்போது என் மடியில் இருக்கும், நான் முள்ளைத் திருப்பிக்கொண்டிருப்பேன். ஒருநாள் எண்ணுகிற குரல் உடைந்தது. எண்ணூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, டாக்டரம்மா, நான் கல் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை மாட்டிவிட்டு வந்து, கதவைத் தட்டி, “நான் இங்கதான் இருக்கேன், நீங்க எண்ணுங்க” என்றேன். எண்ணூற்றுப் பதின்மூன்றிலிருந்து தொடர்ந்தார்.

இரண்டு மாதம் முன்பு மகளைக் கூப்பிட்டு, இனிமேல் குழந்தையை நான் அழைத்துப் போக மாட்டேன் என்று சொன்னார். குளியலறையில் போகிற நேரம் நடுரோட்டில் போய்விட்டால், குழந்தை கை என் கையில் இருக்குமா என்று கேட்டார். பேத்திக்கு நாலு வயது, அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு வாரம் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, தாத்தா வந்தால்தான் வருவேன் என்றாளாம். இவர் தன் நடைக் காலணியைத் துடைத்து, காகிதம் சுற்றி, அலமாரி மேல் வைத்துவிட்டார். இப்போது காலையில் ஹால் நாற்காலியில் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். விளக்கு போடுவதில்லை, பேப்பர் படிப்பதில்லை, பாத்திரம் உருட்டுவதில்லை. வீடு அவ்வளவு அமைதி. நான் ஒன்றரை மணி நேரமும் முழுசாகத் தூங்கி எழுகிறேன்.

அப்போதே கடிகாரத்தைச் சரியாக விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் திடீரென்று ஒருநாள் தொலைந்த நேரம் கிடைத்துவிட்டால் அவருக்குச் சந்தேகம் வராதா? படிப்படியாக ஏற்றியதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகும், அந்த ஒரு மாதமும் எனக்குத் தூக்கம் குறைந்துகொண்டே வரும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அப்படி. அதோடு அவருக்கும் நல்லதுதானே நடந்தது. ஒன்றரைக்கு ஒருமுறை விழித்துக்கொள்கிறாரே தவிர, மூன்றரை வரைக்கும் அப்புறம் ஒரு அசைவு கிடையாது. எழுபத்தோரு வயதில் இப்படித் தூங்குகிறவர்கள் எத்தனை பேர்?

போன முறை நீங்கள், இன்றைய சோதனை முடிந்ததும் மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்று சொன்னீர்கள். அந்த மாத்திரையைப் பற்றிய தாளை மகள் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாள். மற்றவர்கள் படிக்காத பொடி எழுத்தைப் படிப்பது நர்ஸ் புத்தி. பக்கவிளைவுகளில் மூன்றாவதாகப் போட்டிருக்கிறது, சிலருக்கு ராத்திரியில் தூக்கம் வராது, எழுந்து நடமாடுவார்கள் என்று. அதைப் படித்த அன்றுதான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இல்லாத வியாதிக்கு ஒரு மனுஷன் மாத்திரை சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு மனசாட்சி இருக்கிறது.

ஆகவே கடைசிக் கேள்விக்குப் பதில் இதுதான். மறதி எப்போது ஆரம்பித்தது? ஆரம்பிக்கவே இல்லை. அவருக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் எண்ணிய ஆயிரத்து நானூறும் சரி. தொலைந்த இரண்டு மணி நேரத்தையும் ஒன்பது மாதமாகத் தினமும் எடுத்தவள் நான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆனால் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. அவர் இப்போதுதான் வெளியே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. உள்ளே ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்களாம், பதினொன்று பத்து காட்டும்படி முள் போடச் சொன்னார்களாம். சின்ன முள்ளைப் பதினொன்றிலேயே நிறுத்தாமல், பத்து நிமிஷத்துக்கு எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவு நகர்த்தி வரைந்தாராம். சொல்லும்போது முகத்தில் பழைய டெப்போக் களை இருந்தது, பார்த்து ரொம்ப நாளாகிறது. ராத்திரி தூக்கம் எப்படி என்றும் கேட்டிருக்கிறார்கள்.

“ஒண்ணரைக்கு முழிப்பு வந்தா அவ்வளவுதான், அப்புறம் தூக்கமே கெடயாதுன்னேன்” என்றார். “இருட்டுல அப்படியே கெடப்பேன். பொரண்டு படுத்தா கட்டில் ஆடும், உன் தூக்கம் கெட்டுடும். பாவம், இப்பதானே நீ நல்லாத் தூங்கற.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“கடைசியா, இப்ப மணி என்னன்னு கேட்டாங்க. கையில கடியாரம் இருந்துச்சு, பாக்கல. வெளிய என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா, அவளைக் கேளுங்க, அவ சொன்னா சரியா இருக்கும்னேன்.” என் பக்கம் திரும்பினார். “என்ன ஆச்சு மணி?”

பன்னிரண்டே கால் என்றேன். அது சரியான நேரம்தான், உங்கள் சுவர்க் கடிகாரத்திலும் பார்த்துக்கொள்ளலாம். இப்போது என் தோளில் சாய்ந்து தூங்குகிறார், வலது கை மரத்துப் போகிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள், டாக்டரம்மா. இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது. சொல்வதாக இருந்தால் சாயங்காலத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மனதைக் கலக்குகிற பேச்சு ஆகாது, ராத்திரித் தூக்கம் கெட்டுவிடும்.

அவருடைய தூக்கத்தைத்தான் சொல்கிறேன்.